டோவர் வழக்கும் பரிணாமப் பாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படைப்பா பரிணாமமா என்ற பேச்சு எழும் இடங்களில் எல்லாம் 2005ஆம் ஆண்டின் டோவர் வழக்கை யாராவது எடுத்து வைக்கிறார்கள். "டார்வின் சரி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்கிறது ஒரு பக்கம். "கடவுளின் பெயரைப் பள்ளியில் சொல்லக் கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார்" என்கிறது மறுபக்கம். தீர்ப்பில் இந்த இரண்டுமே இல்லை. அதில் என்ன இருக்கிறது, எந்தச் சான்றுகளை வைத்து அது எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தேவையற்றுப் போகும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

டோவரில் என்னதான் நடந்தது?

டோவர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் யார்க் நகரத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். அங்குள்ள அரசுப் பள்ளிகளை, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் கொண்ட பள்ளி வாரியம் நிர்வகிக்கிறது. 2004 கோடையில் புதிய உயிரியல் பாடநூல் வாங்கும் பேச்சு வந்தபோது, அந்த நூலில் டார்வின் கருத்துகள் நிறைந்திருப்பதாகச் சொல்லி வாரிய உறுப்பினர்கள் சிலர் தடுத்தார்கள். அக்டோபர் 18 அன்று 6க்கு 3 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: டார்வின் கோட்பாட்டில் உள்ள இடைவெளிகளையும், 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிரினங்களை ஓர் அறிவுள்ள வடிவமைப்பாளர் வடிவமைத்தார் என்ற கருத்து) உள்ளிட்ட வேறு கோட்பாடுகளையும் மாணவர்களுக்கு அறியத் தர வேண்டும்.

அடுத்த மாதம் அதற்கு நடைமுறை வகுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கும் முன் நான்கு பத்தி கொண்ட ஓர் அறிக்கையை வாசிக்க வேண்டும். "டார்வினின் கோட்பாடு ஒரு கோட்பாடு என்பதால் அது இன்னும் சோதிக்கப்பட்டு வருகிறது; அது உண்மை அல்ல; அதில் சான்று இல்லாத இடைவெளிகள் உள்ளன" என்ற பொருளில் அது போகும். அறிவார்ந்த வடிவமைப்பு பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற நூல் பள்ளியில் இருப்பதாகவும் சொல்லும்.

அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்தார்கள். தங்கள் பாடத்தைத் தெரிந்தே தவறாகக் காட்டக் கூடாது என்ற பென்சில்வேனியாவின் ஆசிரியர் நடத்தை விதியைக் காரணமாக எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்கே ஆபத்து வரக்கூடிய நேரத்தில், உணர்ச்சியை அல்லாமல் விதி எண்ணைக் காட்டி நின்றது இந்த வழக்கில் நாம் மிகவும் மதிக்கும் செயல். 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து அறிக்கையை வாசித்தார்கள். அதன்மேல் மாணவர்கள் கேள்வி கேட்க இடம் தரப்படவில்லை. அதற்கு முன்பே, 2004 டிசம்பர் 14 அன்று, பெற்றோர் 11 பேர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். முதல் வாதியின் பெயரால் அது 'கிட்ஸ்மில்லர் எதிர் டோவர் பகுதிப் பள்ளி மாவட்டம்' எனப்படுகிறது.

ஒரு நிமிடத்தில் வாசித்து முடியும் அறிக்கை. அதற்குப் போய் வழக்கா?

பாடத்திட்டத்தில் எத்தனையோ கோட்பாடுகள் இருக்கின்றன. அணுக்கோட்பாடு, கிருமிக் கோட்பாடு, தட்டுப்புவியியல் எதற்கும் முன்னால் இப்படி எச்சரிக்கை வாசிக்கப்படவில்லை. ஒன்றை மட்டும் தனியே பிடித்து நிறுத்தி "இதை நம்புமுன் யோசி" என்று பள்ளி நிர்வாகமே சொன்னால், பதினான்கு வயது மாணவர் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்வார் என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. நிமிடக் கணக்கு அங்கே எடுபடவில்லை.

அறிக்கைக்குள்ளேயே ஒரு முரண் இருந்தது. ஒரு வரியில் "கோட்பாடுதான், உண்மை அல்ல" என்று தாழ்த்திவிட்டு, இரண்டு வரி தள்ளி "கோட்பாடு என்பது பரந்த அவதானிப்புகளை ஒன்றிணைக்கும், நன்கு சோதிக்கப்பட்ட விளக்கம்" என்று இலக்கணம் சொல்கிறது. இரண்டாவது வரி சரி என்றால் முதல் வரிக்கு வேலையே இல்லை.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்கிறது. வாரியம் ஓர் அரசு அமைப்பு. அதன் நோக்கமோ, அதன் செயலால் விளையும் பலனோ மதத்தை முன்னிறுத்துவதாக இருந்தால் அது செல்லாது. பெற்றோர் வழக்கின் அடித்தளம் இவ்வளவுதான்.

"பரிணாமம் வெறும் கோட்பாடுதானே?"

இந்தக் கேள்வி தமிழில் இன்னும் கூடுதலாகக் குழப்பும். நாம் 'அத்வைதக் கோட்பாடு' என்கிறோம். ஒரு கட்சியின் 'கொள்கை கோட்பாடு' என்கிறோம். ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம் என்ற நிழல் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அறிவியல் வகுப்பில் அதே சொல் வரும்போது நிழலும் கூடவே வந்துவிடுகிறது.

அறிவியலில் நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவதானித்து உறுதிப்படுத்தியது உண்மை. சோதிக்கக் காத்திருக்கும் ஊகம் கருதுகோள். திரும்பத் திரும்ப நிகழும் ஒழுங்கைச் சொல்வது விதி. உண்மைகளையும் விதிகளையும் சேர்த்து 'ஏன், எப்படி' என்று விளக்கி, சோதனைகளில் தாக்குப்பிடித்து நிற்பது கோட்பாடு. கருதுகோள் வளர்ந்து கோட்பாடாகலாம். கோட்பாடு வளர்ந்து 'உண்மை' ஆகும் என்பது தவறான படிக்கட்டு. அவை வேறு வேறு வகை. உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்துள்ளன என்பது உண்மை. அந்த மாற்றம் இயற்கைத் தேர்வு, மரபணு நகர்வு (மரபணு விகிதங்கள் தற்செயலாக மாறுவது) போன்றவற்றால் எப்படி நடக்கிறது என்று விளக்குவது பரிணாமக் கோட்பாடு.

அறிவார்ந்த வடிவமைப்பு என்பதும் படைப்புவாதம் என்பதும் ஒன்றா?

படைப்புவாதம் என்பது உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்ற நம்பிக்கை. அறிவார்ந்த வடிவமைப்பை முன்வைப்பவர்கள் இரண்டும் வேறு என்கிறார்கள். பூமிக்கு ஆறாயிரம் ஆண்டு என்றோ, நோவாவின் வெள்ளம் என்றோ அறிவார்ந்த வடிவமைப்பு பேசுவதில்லை. உயிரினங்களின் சில உறுப்புகள் இயற்கையாக உருவாக முடியாத அளவுக்குச் சிக்கலானவை, ஆகவே ஓர் அறிவுள்ள வடிவமைப்பாளர் இருந்திருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வடிவமைத்தவர் யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று அறிய வழக்குகளின் வரிசையைப் பார்க்க வேண்டும். 1925இல் டென்னசி மாநிலம் மனிதப் பரிணாமத்தைக் கற்பிப்பதையே குற்றமாக்கியது. அந்த ஆண்டு ஜூலையில் டேட்டன் ஊரில் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை நீதிபதி அல்லாமல் நடுவர் குழுவே நிர்ணயிக்க வேண்டும் என்ற நடைமுறைக் காரணத்தால் 1927இல் தண்டனை ரத்தானது. ஆனால் சட்டம் 1967 வரை நீடித்தது. அடுத்த ஆண்டு, 1968இல், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் இதேபோன்ற தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது.

தடுக்க முடியாது என்றான பிறகு, சரிபாதி நேரம் கேட்டார்கள். 'படைப்பு அறிவியல்' என்ற பெயரில் பரிணாமத்துக்கு ஈடாக அதையும் கற்பிக்கச் சொன்ன ஆர்கன்சாஸ் சட்டம் 1982 ஜனவரியில் வீழ்ந்தது. லூசியானாவின் சட்டத்தை 1987 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. எட்வர்ட்ஸ் எதிர் அகியார்டு எனப்படும் இந்தத் தீர்ப்பின் தேதியை நினைவில் வையுங்கள். அடுத்த பதில் முழுவதும் அதைச் சுற்றியே வருகிறது.

பழைய கைப்பிரதிகளில் அப்படி என்ன கிடைத்தது?

வழக்கின் போக்கை மாற்றிய சான்று இதுதான். டோவர் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 'பாண்டாஸ்' நூல் 1989இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட டெக்சாஸ் அமைப்பிடமிருந்து, அச்சுக்கு முந்தைய வரைவுகளை வாதிகளின் வழக்கறிஞர்கள் நீதிமன்ற ஆணை வழியே பெற்றார்கள். 1983 முதல் 1987 வரை வெவ்வேறு தலைப்புகளில் அந்த வரைவுகள் எழுதப்பட்டிருந்தன.

தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரெஸ்ட் அவற்றை அடுக்கி வைத்து ஒப்பிட்டார். செய்முறை எளியது. ஒவ்வொரு வரைவிலும் 'படைப்பு' என்ற சொல்லும் அதன் கிளைச்சொற்களும் எத்தனை முறை வருகின்றன, 'வடிவமைப்பு' எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, வரைவின் காலத்தோடு பொருத்தினார். எட்வர்ட்ஸ் தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்பு' நிறைந்திருந்தது. தீர்ப்புக்குப் பிந்தைய 1987 வரைவில் ஏறத்தாழ 150 இடங்களில் அது மறைந்து 'அறிவார்ந்த வடிவமைப்பு' உட்கார்ந்திருந்தது. இலக்கணம் சொல்லும் வாக்கியம்கூட மாறவில்லை. உயிர் வகைகள் அவற்றின் சிறப்பு உறுப்புகளோடு, மீன் துடுப்பு செதிலோடும் பறவை இறகு அலகோடும், திடீரெனத் தோன்றின என்று முதலில் 'படைப்பு'க்குச் சொன்ன அதே இலக்கணம் பிறகு 'அறிவார்ந்த வடிவமைப்பு'க்குச் சொல்லப்பட்டது.

ஓரிடத்தில் மாற்றம் அரைகுறையாக நின்றுவிட்டது. 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அழித்து 'டிசைன் ப்ரோபோனென்ட்ஸ்' என்று ஒட்டும்போது, பழைய சொல்லின் முதல் எழுத்தான 'சி' முன்னாலும், கடைசித் துண்டான 'இஸ்ட்ஸ்' பின்னாலும் தங்கிவிட்டன. 'சிடிசைன் ப்ரோபோனென்ட்சிஸ்ட்ஸ்' என்று எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல் பிறந்தது. ஒரு நூலின் வேர் எங்கே என்று காட்ட இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது.

சிக்கலான உறுப்புகள் படிப்படியாக வர முடியாது என்ற வாதத்துக்கு என்ன பதில்?

இது நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய வாதம். லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி பிரதிவாதிகளின் தலைமைச் சாட்சி. அவருடைய வாதம்: எலிப்பொறியில் பலகை, வில்சுருள், அடிக்கும் கம்பி என்று சில பாகங்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் எலி சிக்காது. ஆகவே பாதி எலிப்பொறி என்று ஒன்று பயன்பட முடியாது; படிப்படியாக அது உருவாகவும் முடியாது. இதற்கு 'குறைக்கவியலாத சிக்கல்' என்று பெயர். பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சுழலும் இழையான கசையிழை, இரத்தம் உறையும் வேதிச் சங்கிலி, நோயெதிர்ப்பு மண்டலம் ஆகியவை அவர் தந்த எடுத்துக்காட்டுகள்.

வாதம் சறுக்கும் இடம் ஒரே ஒரு அனுமானம்: பாகங்கள் தொடக்கத்திலிருந்தே இன்றைய வேலைக்காகவே இருந்தன என்பது. பரிணாமத்தில் ஓர் உறுப்பு ஒரு வேலைக்காக வந்து வேறு வேலைக்கு மாறுவது வழக்கம். பிரௌன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர் அதை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினார். கசையிழையைச் சுழற்றும் அடிப்பகுதியின் புரதங்களில் சுமார் 10, பிளேக் பாக்டீரியா நம் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்தப் பயன்படுத்தும் ஊசி போன்ற அமைப்பின் புரதங்களோடு ஒத்திருக்கின்றன. மீதிப் பாகங்கள் இல்லாமலே அந்தத் துணைத்தொகுதி முழுமையாக வேலை செய்கிறது. சுழல்வது மட்டும் இல்லை.

இரத்தம் உறைதலில் விடை இன்னும் எளிது. உறைதல் சங்கிலியில் பன்னிரண்டாம் காரணி என்று ஒரு புரதம் உண்டு. திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் அது இல்லை. ஆனாலும் இரத்தம் உறைகிறது. பேத்தை மீனுக்கு இன்னும் சில காரணிகள் இல்லை. ஒரு பாகம் போனால் முழுச் சங்கிலியும் நிற்கும் என்ற கூற்று உயிருள்ள விலங்குகளிலேயே பொய்த்துவிட்டது.

நோயெதிர்ப்பு மண்டலம் குறுக்கு விசாரணையில் வந்தது. அதன் பரிணாமத் தோற்றம் பற்றி அறிவியல் இதழ்களில் எதுவும் இல்லை என்று பீஹி எழுதியிருந்தார். வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்டு 58 ஆய்வுக் கட்டுரைகள், 9 நூல்கள், பல பாடநூல் அத்தியாயங்கள் என்று அடுக்கி அவர் முன்னால் வைத்தார். அவை போதுமானவை அல்ல என்றார் பீஹி. தீர்ப்பு இதை அப்படியே பதிவு செய்தது. எதைக் காட்டினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லாத ஒரு கூற்றை யாராலும் சோதிக்க முடியாது. இந்த வாதத்தை எங்கே கேட்டாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?"

அதே குறுக்கு விசாரணையில், 'அறிவியல் கோட்பாடு' என்பதற்குத் தான் தரும் விரிந்த இலக்கணத்தின்படி சோதிடமும் கோட்பாடாகும் என்று பீஹி ஒப்புக்கொண்டார்.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இன்னும் குரங்குகள் ஏன் இருக்கின்றன?

இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று பரிணாமம் சொல்லவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது. அந்த இனம் இன்று இல்லை. சித்தப்பா பிள்ளைகள் இருப்பதால் தாத்தாவுக்கு நாம் பேரன் இல்லை என்று ஆகிவிடாது.

பொது மூதாதைக்கு என்ன சான்று என்று அடுத்த கேள்வி வரும். மில்லர் சாட்சியத்தில் விளக்கிய ஒன்றைச் சொல்கிறோம். பள்ளி மாணவருக்கும் எளிதில் விளங்கும். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 48 குரோமோசோம்கள். நமக்கு 46. ஒரு முழு இணை தொலைந்திருந்தால் உயிர் பிழைக்காது. ஆகவே மூதாதைக்கு 48 இருந்தது என்றால், மனித வழியில் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும். குரோமோசோமின் நுனிகளில் மட்டும் வரும் டீலோமியர் தொடர்கள் நடுவில் கிடக்க வேண்டும். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்திழுக்கும் இடமான சென்ட்ரோமியர் ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்து, அதில் ஒன்று செயலிழந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தபோது மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இரண்டும் கிடைத்தன. ஒட்டிய இடத்தின் டிஎன்ஏ வரிசை 1991இல் வெளியானது. தவறாகிப்போகக் கூடிய ஒரு கணிப்பைச் சொல்லி, அது சரியாக வந்தது. அறிவியல் கோட்பாட்டிடம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

பெற்றோர் தரப்பில் வந்தவர்கள் எல்லாம் நாத்திகர்களா?

இல்லை. மில்லர் வழிபாட்டுக்குச் செல்லும் கத்தோலிக்கர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹாட், பெற்றோர் தரப்புச் சாட்சி. நீதிபதி ஜான் ஜோன்ஸ் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் புஷ் 2002இல் நியமித்தவர். போப் பன்னிரண்டாம் பயஸ் 1950இலேயே மனித உடலின் பரிணாமத் தோற்றத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்றார். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமக் கோட்பாடு இனி வெறும் கருதுகோள் அல்ல என்றார்.

நம்பிக்கையாளர் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம் என்று கோடு போட்டால் இவர்கள் எல்லாம் எங்கே நிற்பார்கள்? 2019இல் கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், கடவுள் மனிதனை இன்றைய வடிவிலேயே படைத்தார் என்றவர்கள் 40 விழுக்காடு. கடவுளின் வழிகாட்டலில் பரிணாமம் நடந்தது என்றவர்கள் 33. கடவுளின் பங்கின்றி நடந்தது என்றவர்கள் 22. நடுவில் இருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கினரை மறந்துவிட்டுப் பேசுபவர்கள்தான் இந்தச் சண்டையை மேலும் முற்ற வைக்கிறார்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. நம்பிக்கையைக் கேலி செய்து யாருக்கும் உயிரியல் கற்பித்துவிட முடியாது.

தீர்ப்பு சரியாக என்ன சொன்னது?

விசாரணை 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை ஹாரிஸ்பர்க் நகரில் நடந்தது. நடுவர் குழு கிடையாது. நீதிபதியே கேட்டு முடிவு செய்தார். டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு வந்தது.

அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்பதற்கு அவர் மூன்று காரணம் தந்தார். இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை அது உள்ளே கொண்டுவருகிறது; அறிவியல் பல நூற்றாண்டாகக் கடைப்பிடிக்கும் விதி அதை ஏற்காது. 'பரிணாமம் தவறென்றால் வடிவமைப்புச் சரி' என்ற இருமுனைத் தருக்கத்தில் அது நிற்கிறது. ஒன்று பொய் என்பதால் மற்றொன்று மெய்யாகிவிடாது. பரிணாமத்தின் மீது அது வைக்கும் குறைகளுக்கு அறிவியலாளர்கள் விடை தந்துவிட்டார்கள். இவற்றோடு, சக ஆய்வாளர் மதிப்பீட்டில் தேறிய கட்டுரைகளோ ஆய்வுகளோ அதற்கு இல்லை என்பதையும் சேர்த்தார்.

வாரியத்தின் நோக்கம் மதம் சார்ந்தது என்பதற்குப் பெரும்பாலும் உறுப்பினர்களின் சொந்தப் பேச்சே சான்றாக இருந்தது. பாடத்திட்டக் குழுத் தலைவர் படைப்புவாதம் பற்றிப் பேசிய தொலைக்காட்சிக் காட்சி நீதிமன்றத்தில் ஓட்டிக் காட்டப்பட்டது. பள்ளிக்கு வந்த 60 பாண்டாஸ் பிரதிகளுக்கான பணம் யாரிடமிருந்து வந்தது என்பதை உறுதிமொழி எடுத்துத் தந்த வாக்குமூலத்தில் மறைத்ததும் வெளியானது. பொதுவில் தங்கள் மதப் பற்றைப் பெருமையாகச் சொன்னவர்களே, தடயத்தை மறைக்க மீண்டும் மீண்டும் பொய் சொன்னார்கள் என்று நீதிபதி கடுமையாக எழுதினார்.

கடவுள் இல்லை என்று தீர்ப்பில் எங்கும் கிடையாது. பரிணாமக் கோட்பாடு எந்த வகையிலும் தெய்வப் படைப்பாளர் உண்டு என்ற நம்பிக்கையோடு மோதவோ அதை மறுக்கவோ செய்யவில்லை என்று அறிவியல் வல்லுநர்கள் சாட்சியம் அளித்ததையே அது எடுத்துக்காட்டுகிறது. வடிவமைப்புக் கருத்தை ஆராய்வதையோ விவாதிப்பதையோ அது தடுக்கவில்லை. அரசுப் பள்ளியின் அறிவியல் வகுப்பில் பரிணாமத்துக்கு மாற்றாக அதை வைப்பதை மட்டும் தடுத்தது.

பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு செலவானது?

தோற்ற தரப்பாக 10,00,011 டாலர் கொடுக்க நேர்ந்தது. பத்து லட்சம், வழக்கறிஞர் செலவு. வாதிகளின் உண்மைச் செலவு அதைப்போல இரு மடங்குக்கும் மேல். மிச்சம் 11 டாலர், வாதிகள் 11 பேருக்கும் ஆளுக்கு ஒரு டாலர் பெயரளவு இழப்பீடு. பணத்துக்காக யாரும் வழக்குப் போடவில்லை என்பது இதிலேயே தெரியும். அந்தச் சுமை கடைசியில் ஊர்மக்களின் வரிப்பணத்தில்தான் விழுந்தது.

தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் 8 தேர்தலில், கொள்கையை ஆதரித்துப் போட்டியிட்ட எட்டு உறுப்பினர்களும் தோற்றார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை.

அப்படியானால் தீர்ப்பு அமெரிக்கா முழுவதையும் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. மேல்முறையீடு இல்லாததால் இது ஒரு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாகவே நின்றது. மற்ற நீதிமன்றங்கள் இதைப் படித்து ஏற்கலாம். ஏற்றாக வேண்டும் என்பதில்லை. நாடு முழுவதற்கும் பொருந்துவது 1987இன் எட்வர்ட்ஸ் தீர்ப்பு.

களமும் இடம் மாறியிருக்கிறது. லூசியானா 2008இலும் டென்னசி 2012இலும் இயற்றிய சட்டங்களில் 'படைப்பு', 'வடிவமைப்பு' என்ற சொற்கள் முன்வைக்கப்படவில்லை. கோட்பாடுகளின் 'பலம் பலவீனம்' பற்றியும் 'விமர்சனச் சிந்தனை' பற்றியும் அவை பேசுகின்றன. கேட்க நல்லதாக இருக்கும் சொற்கள். பட்டியலில் எந்தெந்தத் துறைகள் தனியே பெயர் சொல்லப்படுகின்றன என்று பார்த்தால் நோக்கம் புரியும். அரசின் செயலுக்கு மத நோக்கமோ மதம் சார்ந்த பலனோ உண்டா என்று பார்க்க ஜோன்ஸ் பயன்படுத்திய 'லெமன் சோதனை' என்ற அளவுகோலையும் உச்ச நீதிமன்றம் 2022இல் கைவிட்டது. இனி இப்படியொரு வழக்கு வந்தால் வழக்கறிஞர்கள் வேறு வழியில் வாதாட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் இதே சண்டை இருக்கிறதா?

இதே வடிவில் இல்லை. 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. 2023இல் தேசியப் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி அமைப்பின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற அத்தியாயம் 'மரபு' என்று சுருங்கியது. பாடச்சுமையைக் குறைக்கும் நடவடிக்கை என்று சொல்லப்பட்டது. அறிவியலாளர்களும் ஆசிரியர்களுமாக 1,800 பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பார்கள். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பெரும்பான்மை மாணவர்களுக்கு அது போய்ச் சேராது. எங்கள் கவலை அதுதான்.

டோவரில் மாற்றுப் பாடத்தைச் சேர்த்தார்கள். இங்கே பாடத்தை எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றென்று பேசினால் எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். அவரவர் ஆவணத்தை வைத்துத் தனித்தனியே வாதிடுவதே நல்லது.

வகுப்பில் ஒரு மாணவர் "எங்கள் வேதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்றால் ஆசிரியர் என்ன செய்வது?

முதலில், அவரை வகுப்பின் முன் தோற்கடிக்க முயல வேண்டாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே அந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டால் இரண்டில் ஒன்றை விட்டுவிடும். பெரும்பாலும் விடப்படுவது பாடம்தான். "இந்த வகுப்பில் அளந்தும் சோதித்தும் பார்க்கக் கூடியவற்றைப் படிக்கிறோம். நீ இதை நம்ப வேண்டும் என்று தேர்வு கேட்காது, விளக்கத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கும்" என்று சொல்லலாம்.

பிறகு உடனே சான்றுக்குப் போய்விட வேண்டும். மேலே சொன்ன குரோமோசோம் எடுத்துக்காட்டுக்குக் கரும்பலகையும் பத்து நிமிடமும் போதும். 48, 46 என்று எழுதி, என்ன தடயம் கிடைக்க வேண்டும் என்று மாணவர்களையே ஊகிக்க விட்டு, அதன் பின் விடையைக் காட்டுங்கள். வரிசை மாறினால் பயன் போய்விடும். விடையை முதலில் சொன்னால் அது இன்னொரு மனப்பாடச் செய்தியாகிவிடும்.

இரண்டு இடத்தில் ஆசிரியர்களே தவறுவதுண்டு. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வியைப் பரிணாமத்தோடு கலப்பது ஒன்று. அது தனி ஆய்வுத்துறை, இன்னும் திறந்திருக்கும் கேள்வி. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்தை நீட்டிக்கொண்டது என்ற விதத்தில் பேசுவது மற்றொன்று. தனி விலங்கு முயன்று மாறுவதில்லை. மாறுபாடுகள் ஏற்கெனவே கூட்டத்தில் இருக்கின்றன. சூழலுக்குப் பொருந்தியவை அதிகக் குட்டிகளை விட்டுச் செல்கின்றன.

தீர்ப்பையே படிக்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?

139 பக்கத்தையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தொடக்கப் பகுதி சட்ட முன்னுதாரணங்களால் நிறைந்தது, பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலா என்று அலசும் பகுதி 64ஆம் பக்கத்தில் தொடங்கி 89 வரை போகிறது. அதை முதலில் படியுங்கள். கசையிழை, இரத்தம் உறைதல், 58 கட்டுரைகள் எல்லாம் அங்கேதான். அதன் பிறகு வாரியக் கூட்டங்களின் வரலாற்றுக்குப் போகலாம். கைப்பிரதிகளைப் பற்றிய ஒப்பீடு முப்பதுகளின் தொடக்கப் பக்கங்களில் வருகிறது. அதைப் படிக்கும்போது 1987 ஜூன் 19 என்ற தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.